எத்தனை நாள் ஆச்சு? சென்னையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எங்கே போவது

சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ். "அண்ணே, ஒரு டெஸ்ட் எடுக்கணும். யாருக்கும் தெரியாம எங்க போலாம்?"

என்ன டெஸ்ட் என்று அந்தத் தம்பி எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. ஆண்கள் ஆண்களைத் தேடும் டேட்டிங் ஆப்பான கிரைண்டரில் அறிமுகமாகி, அப்புறம் டீக்கடை நட்பாக மாறியவன். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறான். வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நான் மருத்துவன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டிவிட்டு வருவதைப் பல வருடமாக விடாமல் செய்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. அரசு மையம், தனியார் லேப், நம் ஆட்கள் நடத்தும் டிராப்-இன் சென்டர், வீட்டிலேயே பார்க்கிற கிட் என்று நான்கிலும் என் ரத்தம் கொஞ்சம் சிந்தியிருக்கிறது.

அவனுக்கு நான் திருப்பி எழுதியது ஒரே கேள்விதான்: "எத்தனை நாள் ஆச்சு?"

கூச்சம், காசு, யார் பார்ப்பார்கள் என்கிற பயம் எல்லாம் அப்புறம். முதலில் இந்த நாள் கணக்கு. உறவு நடந்து மூன்று நாள்கூட ஆகவில்லை என்றால், எந்த இடத்தில் டெஸ்ட் எடுத்தாலும் நேற்றைய சம்பவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அந்த நேரத்தில் தேவைப்படுவது, தொற்று பிடிக்காமல் தடுக்கச் சம்பவத்துக்குப் பிறகு சாப்பிடும் பெப் மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பெப் என்றாலே ஊசி குத்திக்கொண்ட செவிலியரையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவரையும்தான் முதலில் நினைப்பார்கள். விரும்பி நடந்த உறவுக்குப் போய்க் கேட்டால் இடத்துக்கு இடம் பதில் மாறும். எச்.ஐ.வி. சிகிச்சையில் பழக்கமுள்ள தனியார் மருத்துவரைப் பிடித்துச் சீட்டு வாங்கிக்கொள்வது பல நேரம் வேகமான வழி. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கள் ராத்திரியோடு கெடு முடிந்துவிடும்.

மூன்று நாள் தாண்டிவிட்டால் விண்டோ பீரியட் கணக்கு வருகிறது. கிருமி உடம்புக்குள் வந்த நாளுக்கும் அது டெஸ்டில் தெரிகிற நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இது. விரலைக் குத்தி ஒரு சொட்டில் பார்க்கிற ரேபிட் டெஸ்ட், உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தெரிய 23 நாளிலிருந்து 90 நாள் வரை ஆகலாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட், எதிர்ப்பொருளோடு கிருமியின் பி24 புரதத்தையும் தேடுவதால் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். கிருமியின் மரபணுவையே தேடும் என்.ஏ.டி. டெஸ்டுக்கு 10 முதல் 33 நாள் போதும். பெப் சாப்பிட்டவர்களுக்கும், முன்கூட்டியே தடுப்பு மாத்திரையான பிரெப் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தள்ளிப்போகலாம் என்பதால் அவர்கள் தேதியை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தம்பி எழுதினான்: "19 நாள். தீபாவளிக்கு மறுநாள்."

பத்தொன்பது சங்கடமான எண். இதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால், பயப்படுகிற அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 2021-ஆம் ஆண்டு தேசியக் கண்காணிப்புக் கணக்கெடுப்பில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 3.26 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. திருநங்கைகளில் 3.78 சதவீதம். நாட்டின் மொத்த வயதுவந்தோரில் இது ஏறக்குறைய 0.2 சதவீதம்தான். அதாவது நம் கூட்டத்தில் முப்பது பேருக்கு ஒருவர், வெளியே ஐநூறு பேருக்கு ஒருவர். ஒழுக்கம் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு உயிரியலே பதில் சொல்லும். ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழியாக ஏற்றுக்கொள்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்கு 138 என்று கணித்திருக்கிறார்கள். செலுத்துகிறவருக்கு 11. ஆசனவாயின் உள்திசு மெல்லியது, எளிதில் கிழிவது. அதோடு நாம் பழகுகிற வட்டமும் சின்னது. அடையாறில் ஒருவனோடு பேசினால் அம்பத்தூரில் இருப்பவன் தெரிந்தவனாக இருப்பான். சின்னக் குளத்தில் ஒரு கல் போட்டால் அலை சீக்கிரம் கரை தொடும்.

"நான் டாப் (செலுத்துகிறவன்), எனக்கு வராது" என்பது நம்மிடையே சுற்றும் வசனங்களில் முதலிடம் பிடிப்பது. 11 என்பது பூஜ்ஜியம் இல்லை. "ஜிம் பாடி, பார்த்தாலே தெரியுது கிளீன் பையன்" என்பது அடுத்தது. "அவர் கல்யாணம் ஆனவர், குடும்பஸ்தர்" மூன்றாவது. நாலாவது, ஆணுறை போட்டோமே என்பார்கள், கூடவே தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உறை பலவீனமாகிக் கிழியும் என்பதைப் படித்த பையன்களிடம்கூடத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் சார்ந்த ஜெல்லோ சிலிக்கோன் ஜெல்லோதான் உறைக்கு ஒத்துவரும்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

அரசின் நம்பிக்கை மையத்தைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் நம் ஆட்கள் ஒன்றும் தெரியாமல் நிறையப் பேசுகிறார்கள். ஐ.சி.டி.சி. என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயர் இது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்று பெரிய அரசு மருத்துவமனைகளில் எல்லாம் உண்டு. காசு கிடையாது. பெயர், வயது, போன் நம்பர் கேட்பார்கள். அதன்பிறகு ஓர் அடையாள எண்ணில் பதிவு ஓடும். கவுன்சிலர் முதலில் தனியறையில் பேசுவார், ஒப்புதல் கேட்பார், ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிவைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அங்கே போக மாட்டேன் என்பவர்கள் சொல்லும் காரணம், "அந்த போர்டுக்குக் கீழ உட்கார்ந்திருந்தா பாக்கிறவன் என்ன நினைப்பான்?" போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்த பெஞ்சில் பாதிக்கு மேல் கர்ப்பிணிப் பெண்கள். கர்ப்ப காலப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் ஒன்று என்பதால் எல்லோரையும் அங்கே அனுப்புகிறார்கள். நான் முதல்முறை போனபோது வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "என்னப்பா, வீட்டுக்காரிக்கு எத்தனையாவது மாசம்?" என்று கேட்டார். ஐந்து என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழந்தை பிறந்திருந்தால் இன்றைக்குப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. காலையில் போனால்தான் வேலை நடக்கும். ஷிப்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு நாள் லீவு போய்விடும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, அப்புறம் இங்கே ஒரு வரிசை. ரேபிட் டெஸ்ட் என்பதால் மூன்று மாதக் கணக்கு. எல்லாவற்றையும்விடக் கவுன்சிலர் யார் என்பது அதிர்ஷ்டம். ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், கவுன்சிலர் என்னிடம் எடுத்த எடுப்பில் "கல்யாணம் பண்ணிக்கிட்டா இதெல்லாம் சரியாயிடும் தம்பி" என்றார். அடுத்த முறை வேறு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "கடைசி மூணு மாசத்துல எத்தனை பார்ட்னர், காண்டம் எப்பல்லாம் போடல" என்று மளிகைச் சாமான் கணக்குப்போலக் கேட்டு எழுதினார். எனக்கு அந்தத் தொனிதான் பிடித்தது. இன்னமும் அங்கேதான் போகிறேன்.

இவ்வளவு குறையோடும் என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். காரணம், முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்த கதவு அதே கட்டடத்திலோ பக்கத்திலோ இருக்கிறது. முதல் கிட்டில் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று காட்டினால் அத்தோடு விட்டுவிடுவதில்லை. வேறு இரண்டு வகைக் கிட்டுகளிலும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்று சொல்கிறார்கள். உறுதியானால் நேராக எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம். கூட்டு மருந்து அரசு செலவில் 2004 ஏப்ரலில் இந்தியாவில் தொடங்கியபோது முதலில் கொடுத்த இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அப்போது நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் மிகவும் குறைந்த பிறகுதான் மருந்து. 2017-லிருந்து அந்தக் காத்திருப்பு இல்லை, உறுதியானவுடன் யாருக்கும் தொடங்கலாம். இன்றைக்கு பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை.

சென்ட்ரல் எதிரே இருக்கும் அந்த வளாகத்துக்கு இன்னொரு கதை உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் கண்டுபிடித்தது அதோடு ஒட்டிய மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைதான், டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில். ரத்தம் கொடுத்தவர்கள் அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்கள். இங்கே கருவி இல்லாததால் மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. டெஸ்டுக்கு முன்னால் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டம் எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. 2017-இல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. வயதுவந்தோரின் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் வெட்டிப்போட்டது அதே மாதம் 6-ஆம் தேதி. நான்கு நாள் இடைவெளியில் இரண்டு. ஒன்றுக்கு நாம் கேக் வெட்டினோம், மற்றொன்று வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒப்புதல் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று சொல்வது அந்த எச்.ஐ.வி. சட்டம்தான்.

தனியார் லேபை இதோடு வைத்துப் பார்ப்போம். வேகம், வசதி, நேரம் மூன்றிலும் லேப் ஜெயிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பி.ஜி. அறைக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான்காம் தலைமுறை டெஸ்ட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். என்.ஏ.டி. அல்லது பி.சி.ஆர். என்றால் ஆயிரங்களில் போகும். 45 நாளில் ஒரு தெளிவான பதில் வேண்டும், மூன்று மாதம் காத்திருக்க நெஞ்சு தாங்காது என்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் "எச்.ஐ.வி. டெஸ்ட்" என்று மொட்டையாகக் கேட்காமல், பி24 ஆன்டிஜெனும் சேர்த்துப் பார்க்கிற டெஸ்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய வகைக்கும் அதே பெயர்தான் ரசீதில் இருக்கும்.

அந்தரங்கம் என்று நினைத்துத்தான் பலர் லேபுக்குப் போகிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கும் அதே லேபில் ஒருமுறை போய்க் கொடுத்தேன். ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் கம்ப்யூட்டரில் தட்டியதும் அந்தப் பெண் பழைய பதிவை எடுத்து அதிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். ரிப்போர்ட் தயார் என்ற குறுஞ்செய்தி அப்பா போனுக்குப் போனது. நெகட்டிவ்தான். ஆனாலும் "உனக்கெதுக்குடா இந்த டெஸ்ட்?" என்ற கேள்விக்கு, ஆபீசில் கேட்டார்கள் என்று ஒரு பொய், அந்தப் பொய்க்கு இரண்டு குட்டிப் பொய். குடும்பம் பழகிய லேபை விட்டுவிட்டு வேறு கம்பெனி, வேறு நம்பர், வேறு மின்னஞ்சல். இதைச் செய்யாவிட்டால் லேபைவிட அரசு பெஞ்சில்தான் ரகசியம் அதிகம்.

லேபில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று அந்த பி.டி.எஃப். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும். ரியாக்டிவ் என்று சிவப்பு எழுத்தில் இருந்தால், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பாசிட்டிவ் என்று அர்த்தமில்லை என்று சொல்லவும் ஆள் இருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஐந்து பேருக்குத் தவறாக ரியாக்டிவ் காட்டுகிற ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். பொது மக்களில் ஆயிரம் பேருக்கு எடுத்தால் உண்மையாகவே தொற்று உள்ளவர் இரண்டு பேர், தவறாகக் காட்டுவது ஐந்து பேருக்கு. அங்கே ரியாக்டிவ் வந்தாலும் தொற்று இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நம் கூட்டத்தில் ஆயிரம் பேருக்கு எடுத்தால் உண்மை முப்பத்துமூன்று, தவறு ஐந்து. ஆக, நமக்கு ரியாக்டிவ் வந்தால் அலட்சியப்படுத்தவும் கூடாது, அன்றிரவே வாழ்க்கை முடிந்தது என்று உட்காரவும் கூடாது. இரண்டு நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றே, மறுநாள் காலை நம்பிக்கை மையம். பாருங்கள், லேபில் தொடங்கினாலும் கடைசியில் அந்த பெஞ்சுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

நம் ஆட்களே நடத்தும் அமைப்புகளின் டிராப்-இன் சென்டர் முற்றிலும் வேறு அனுபவம். சென்னையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சகோதரன் அமைப்பு 1998-லிருந்து இயங்குகிறது. அங்கே "ஆம்பளையோட படுத்தேன்" என்று சொல்லும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஏற்றுக்கொள்கிற கோத்தியா, செலுத்துகிற பந்தியா, இரண்டும் செய்கிற டபுள் டெக்கரா என்று கிண்டலடித்துக்கொண்டே விரலைக் குத்துவார்கள். இருபது நிமிடம். காண்டமும் ஜெல்லும் கை நிறையத் தருவார்கள். ரியாக்டிவ் வந்தால் தனியே அனுப்ப மாட்டார்கள், கூடவே ஒருவர் நம்பிக்கை மையம் வரை வருவார். முதல்முறை டெஸ்ட் எடுக்கிறவனுக்கு, பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறவனுக்கு, இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஓ.எம்.ஆர். தம்பிகள் அங்கே போவதில்லை. அது கோத்திகளுக்கான இடம், நம்மை மாதிரி ஆட்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், "ரொம்ப தூரம்ணே" என்பார்கள். இங்கே சாதியும் வர்க்கமும் ஆங்கிலமும் எல்லாம் கலந்து கிடக்கின்றன. வானவில் பேரணியில் ஒன்றாக நடக்கிறவர்கள் ஒரு பெஞ்சில் ஒன்றாக உட்கார யோசிக்கிறார்கள். திட்டங்களும் பழைய ஊருக்காகப் போட்டவை. கடற்கரை, பூங்கா, பேருந்து நிலையம் என்று ஸ்பாட்டுக்குப் போனால் ஆட்களைப் பார்த்துப் பேசலாம் என்ற கணக்கில் களப்பணியாளர்களை அமர்த்தினார்கள். இப்போது ஸ்பாட் போனுக்குள் போய்விட்டது. முந்நூறு மீட்டர் தூரத்தில் இருக்கிற முகமில்லாத புரொஃபைலுக்கு எந்த அண்ணன் போய்க் காண்டம் கொடுப்பார்?

இன்னொரு குறையும் உண்டு. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் வந்ததைப் பார்த்தவன் உங்கள் முன்னாள் காதலனின் இந்நாள் காதலனாக இருக்கலாம்.

திருநங்கைத் தோழிகளுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. ஆண் வரிசையா பெண் வரிசையா என்பதிலேயே அவர்களுக்கு மருத்துவமனை தொடங்கிவிடுகிறது. சீட்டில் ஒரு பெயர், கூப்பிடும்போது ஒரு பெயர். திருநங்கைகளின் குழுவான ஜமாத்தில் மூத்தவர் யாரேனும் கூட்டிப்போகும் மையம் எதுவோ அதுவே அவர்களுக்கு நல்ல மையம்.

வீட்டில் பார்க்கிற கிட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இணையத்தில் விற்கிறார்கள். விரலைக் குத்தி, சொட்டு விட்டு, திரவம் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் காத்திருந்தால் கோடு தெரியும். ஒரு கோடு நெகட்டிவ், இரண்டு கோடு ரியாக்டிவ், கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லையென்றால் கிட் செல்லாது. வாங்கும்போது கவனம் தேவை. சில பெட்டிகளில் மருத்துவப் பணியாளர் பயன்பாட்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மூன்று மாத விண்டோ இதற்கும் உண்டு. வழக்கமாக டெஸ்ட் எடுப்பவன், நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்ள இது சரி. முதல்முறைக்கு வேண்டாம், தனியாக இருக்கும்போது வேண்டாம்.

இந்தக் கிட்டை வைத்து ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, டெஸ்ட் எடு, நெகட்டிவ் என்றால் காண்டம் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் தொற்றியவனுக்கு இந்தக் கிட் அழகாக ஒரே கோடுதான் காட்டும். அவன் ரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருக்கும் வாரமும் ஏறக்குறைய அதுதான். அந்தக் கோட்டைவிட, நான் பாசிட்டிவ், மருந்து எடுக்கிறேன், வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) டெஸ்டில் தெரியாத அளவில் இருக்கிறது என்று சொல்கிறவன் பாதுகாப்பானவன். பார்ட்னர் என்ற பெயரில் நடந்த ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவர் பாசிட்டிவாகவும் மற்றவர் நெகட்டிவாகவும் இருந்த ஆண் இணையர் 782 ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வைரல் லோடு கட்டுக்குள் இருந்த துணையிடமிருந்து காண்டம் இல்லாத உறவில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2019-இல் வந்த முடிவு இது. நம் ஆப்களில் இன்னும் "கிளீன் ஒன்லி" என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாவதாக ஒரு வழியைச் சிலர் கமுக்கமாகச் செய்கிறார்கள். ரத்த தான முகாமில் போய்க் கொடுப்பது. ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் நெகட்டிவ் என்று ஒரு கணக்கு. தயவுசெய்து வேண்டாம். எல்லா ரத்த வங்கியிலும் என்.ஏ.டி. கிடையாது. விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் தப்பிப் போய் ஒரு குழந்தைக்கு ஏறலாம். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் ரத்தமே கொடுக்கக் கூடாது என்கிற இந்திய விதி அநியாயமானது என்பது என் கருத்து. அந்தச் சண்டையைத் தனியாகப் போட வேண்டும்.

ஆக, யாருக்கு எது? எனக்குத் தெரிந்த ஒருவர் ஆவடிப் பக்கம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவருக்கு டிராப்-இன் சென்டர் ஒத்துவராது, வாசலில் நின்றாலே நடுங்குவார். லேப் ஆளை வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது. கிட்டை ஒளித்துவைக்க இடமில்லை. அவருக்கு நான் சொன்னது, வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போகிற தூரத்தில் ஒரு நம்பிக்கை மையம். அந்தக் கர்ப்பிணிப் பெண்கள் பெஞ்ச் அவரைப்போன்ற குடும்பஸ்தருக்காகவே போட்டதுபோல இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறார். பார்ட்னர்கள் அதிகமுள்ள நண்பன் ஒருவன் பிரெப் எடுக்கிறான். அவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் கட்டாயம், தெரியாமல் தொற்றியிருந்து பிரெப்பைத் தொடர்ந்தால் மருந்து பலிக்காத கிருமி உருவாகலாம். அவன் லேபில் எச்.ஐ.வி.யோடு சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் சேர்த்துக் கொடுக்கிறான்.

எங்கே போனாலும் சிபிலிசுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காத ஒரு புண் வந்து தானாகப் போய்விடும், போய்விட்டதே என்று நாமும் மறந்துவிடுவோம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையம் இருக்கிறது, அதுவும் இலவசம். எந்த மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே சொல்வார்கள், அதற்கும் காசில்லை.

தம்பியின் பத்தொன்பது நாளுக்கு வருகிறேன். 72 மணி நேரம் எப்போதோ போய்விட்டது, பெப் இல்லை. ரேபிட் டெஸ்டுக்கு இது ரொம்ப முன்னால். நான்காம் தலைமுறைக்கு விளிம்பு. இன்றைக்கு நெகட்டிவ் வந்தால் தீபாவளிக்கு வெகு முந்தைய வாழ்க்கைக்குத்தான் அது சான்றிதழ். இருந்தாலும் இப்போதே ஒன்று எடு என்றேன். இதுவரை அவன் எடுத்ததே இல்லை, பழைய கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும். தூக்கம் வரவில்லை என்றால் 45-ஆம் நாள் காசு கொடுத்து லேபில் நான்காம் தலைமுறை. தாங்கலாம் என்றால் மூன்று மாதம் கழித்து இலவசமாக. அதுவரை யாரோடு இருந்தாலும் காண்டம். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல், கூகுளிடம் சொல்லாதே என்றும் எழுதினேன்.

"டிராப்-இன் சென்டருக்கு நான் கூட வரேன்" என்றேன். "ரொம்ப தூரம்ணே" என்றான். நான் எதிர்பார்த்ததுதான். நம்பிக்கை மையத்துக்குத் தனியாகவே போகிறேன் என்றான்.

திங்கட்கிழமை நல்ல மழை. மத்தியானம் வரை சத்தமே இல்லை. இரண்டு மணிக்கு மெசேஜ் வந்தது. "முடிஞ்சுதுண்ணே. இப்போதைக்கு நெகட்டிவ். ஒரு பாட்டி என்னைப் பாத்து, பொண்டாட்டிக்கு இதுதான் முதல் பிரசவமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னுட்டேன். கவுன்சிலர் அக்கா பிப்ரவரில திரும்ப வரச் சொன்னாங்க. காலண்டர்ல போட்டுட்டேன், பல் டாக்டர்னு."